பலாலிக்குப் போகிறீர்களா, வலப்பக்கம் இருங்கள்

இந்தமுறை லண்டனிலிருந்து சென்னை, அங்கிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் என்று போனேன். இரண்டு பிளைட்டிலும் யன்னலோர இருக்கைக்குத் தனிக்காசு கட்டினேன். முதலாவது வீண், இரண்டாவதுக்கு இன்னும் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

வீணானதைச் சொல்லிவிடுகிறேன், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். போயிங் 787. யன்னல் பெரிசு, ஆனால் இழுத்து மூடும் தட்டு கிடையாது, பட்டனை அமத்தினால் கண்ணாடி நீலமாகி இருளும், பட்டன் எங்கள் பக்கத்தில் இருந்தாலும் கடைசி அதிகாரம் பணியாளர்களிடம். சாப்பாடு முடிந்த கையோடு, வெளியே நல்ல வெயில் எறிக்க, எல்லா யன்னலையும் இருட்டாக்கிப் பூட்டிவிட்டார்கள். கேட்டால் மற்றவர்கள் நித்திரையாம். சரி, அதுவும் நியாயம்தான், அப்படியென்றால் என்னிடம் வாங்கிய காசு எதற்கு? பிறகு எழுதிக் கேட்டேன், யன்னலோர இருக்கை தந்தோமே என்று பதில் வந்தது. எப்படியும் 35,000 அடியில் பாதி நேரம் முகில்தான். நீண்ட பயணத்துக்கு எழும்பி நடக்க வசதியான நடைபாதை ஓரமே மேல்.

பலாலி பிளைட் வேறு கதை. ஓடுபாதை 1,400 மீட்டர் அளவுதான் என்பதால் அங்கே ஓடுவது ஏடிஆர் 72, ப்ரொப்பெல்லர் விமானம். 25,000 அடிக்கு மேல் அது ஏறாது, இறக்கையும் யன்னலுக்கு மேலேதான் இருக்கும், ஆகவே கீழே பார்க்க மறைப்பில்லை. முன்பாதியில் இருந்தால் ப்ரொப்பெல்லர் கண்ணை மறைக்கும், சத்தமும் அதிகம், நடுவில் இருந்தால் இறங்கும் நேரம் சில்லு விரிந்து நிற்கும். பின்வரிசைகள்தான் நல்லது, ஏறி இறங்கும் கதவும் பின்னால்தான்.

சென்னையிலிருந்து கிட்டத்தட்ட நேர் தெற்கே போவதால் தமிழ்நாட்டுக் கரை முழுவதும் வலப்பக்கம் வரும். இடப்பக்கத்தாருக்கு வங்காள விரிகுடா, அதற்கு மேல் காலைச் சூரியனும் கண்ணில் குத்தும். வலப்பக்கம் இருந்தால் புதுச்சேரி, கடலூர், பிச்சாவரத்துச் சதுப்புக் காடு, அதையடுத்துக் கொள்ளிடம் கடலில் கலக்கும் இடம், நாகப்பட்டினம் என்று ஒவ்வொன்றாக வரும், கடைசியில் கோடியக்கரை மூக்கு, அதற்கு முன் வேதாரண்யத்து உப்பளங்கள் கட்டம் கட்டமாக. ஐப்பசி, கார்த்திகை மழையில் போனால் இதில் பாதியும் தெரியாது, உப்பளமும் வெள்ளத்தில் கிடக்கும்.

பாக்கு நீரிணையைக் கடப்பது கொஞ்ச நேரம்தான். இறங்குவது காற்றைப் பொறுத்தது. வாடைக் காலத்தில் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வந்து இறங்குவார்கள், அப்போது வலப்பக்கம் யாழ்ப்பாணப் பட்டினமும் கடல்நீரேரியும் பண்ணைப் பாலமும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கடல்பக்கமாக வந்தால் வல்வெட்டித்துறையும் தொண்டைமானாறும் இடப்பக்கத்தாருக்குப் போய்விடும். அதை முதலே தெரிந்துகொள்ள வழியில்லை.

எனக்குப் பக்கத்தில் இருந்த மாமி பலாலியை அடுத்த மயிலிட்டிக்காரர், 1990இல் இடம்பெயர்ந்தவர். "தம்பி, துறைமுகம் தெரியுதோ?" என்று என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தபடியே வந்தார், நான் இருக்கையை மாறிக் கொடுத்தேன். அந்தத் துறைமுகம் இராணுவத்திடமிருந்து 2017இல்தான் திரும்பக் கிடைத்தது, சுற்றியுள்ள காணி முழுவதும் இன்னும் விடுபடவில்லை. (அங்கே சுற்றிவர இராணுவ முகாம், விமானம் தரையைத் தொட்டதும் கமெராவை உள்ளே வையுங்கள்.)

குடிவரவில் மினக்கெடவில்லை. சின்ன நிலையம், வந்ததும் எங்கள் ஒரு பிளைட்தான்.

திரும்பும்போது கரை இடப்பக்கம் வரும், அதனால் ஏ எழுத்துள்ள இருக்கை, போகும்போது எஃப். பின்னேரப் பிளைட் என்றால் வெயிலும் அதே பக்கம், கறுப்புக் கண்ணாடி கொண்டுபோங்கள். போனைக் கண்ணாடியில் முட்டவைத்து எடுத்தால் அதிர்வில் படம் கலங்கும், கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள். ப்ரொப்பெல்லர் படத்தில் வாழைப்பழம்போல வளைந்து விழும். அது போன் கமெராவின் வேலை, விமானத்தில் பிழையில்லை.