ஊர்ப் பயணத்தில் பழைய விவாகரத்து வழக்குக் கட்டைத் தேடுவது

"தாத்தாவுக்கு முதல் தாரம் ஒன்று இருந்தது, அத்துவிட்டார்கள்." இந்த ஒரு வரியோடு தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில் தேட இறங்கினால் இரண்டு வார லீவு அதிலேயே கரைந்துவிடும். விவகாரம் கோர்ட்டுக்குப் போனதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். சென்னை மாகாண இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் 1949இல் வந்தது, மத்திய அரசின் இந்துத் திருமணச் சட்டம் 1955இல். அதற்கு முந்தையது பெரும்பாலும் பஞ்சாயத்தில் தீர்ந்திருக்கும். 1955 சட்டத்தின் 29ஆம் பிரிவும் வழக்காற்று மணமுறிவை, அதாவது கோர்ட்டுக்குப் போகாமல் சமூக வழக்கப்படி பிரிவதை, விட்டுவைத்திருக்கிறது. ஆகவே கோர்ட்டில் பதிவு இல்லை என்பதால் விவாகரத்தே நடக்கவில்லை என்று எழுதிவிடக் கூடாது.

பஞ்சாயத்துத் தீர்வையைச் சிலர் பத்திரமாக எழுதிப் பதிவும் செய்தார்கள். அது சார்பதிவாளர் அலுவலகத்தில் 4ஆம் புத்தகத்தில் இருக்கும். சொத்துப் பத்திரங்கள் இருப்பது 1ஆம் புத்தகம். அதை யாரும் பார்க்கலாம், வில்லங்கச் சான்றிலும் வரும். 4ஆம் புத்தகத்தின் நகலோ எழுதிக்கொடுத்தவர், அதில் உரிமை உள்ளவர், அவர்களின் பிரதிநிதி ஆகியோருக்கு மட்டும்தான். வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று திரும்புவது இதனால்தான்.

கோர்ட்டுக்குப் போன வழக்கு என்றால் நம்பர்தான் சாவி. சப் கோர்ட்டில் எச்.எம்.ஓ.பி. (இந்துத் திருமண மனு) என்ற எழுத்துகளோடு நம்பரும் ஆண்டும் இருக்கும். வழக்கு விவரங்களை இணையத்தில் காட்டும் இ-கோர்ட்ஸ் தளம் பிந்தைய வழக்குகளுக்குத்தான் உதவும். நம்பரைப் பிடிக்க நல்ல வழி, பிரிவுக்குப் பின் சொத்துரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய விடுதலைப் பத்திரம் அல்லது ஜீவனாம்ச செட்டில்மெண்ட். "எச்.எம்.ஓ.பி. 23/1971 நம்பரில் விவாகம் ரத்தாகி" என்பதுபோல ஒரு வரி அதற்குள் கிடக்கும். இவை சொத்தைப் பற்றியவையாக இருந்தால் 1ஆம் புத்தகத்தில் இருக்கும் என்பதால் நகல் எடுப்பதில் சிக்கல் இல்லை.

ஊர் இன்று எந்த மாவட்டம் என்று பார்த்துப் போனால் தவறான வாசலில் நிற்க நேரும். விருதுநகரும் சிவகங்கையும் 1985இல்தான் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்தன. கன்னியாகுமரி 1949 வரை திருவிதாங்கூரிலும் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. வழக்கு நடந்த ஆண்டில் அந்தத் தாலுகா எந்தக் கோர்ட்டின் எல்லையில் இருந்தது என்பதே கேள்வி. இதற்கு வக்கீலைவிட வயதான வக்கீல் குமாஸ்தா பயன்படுவார். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு வசதி உண்டு: 1869 இந்திய விவாகரத்துச் சட்டப்படி மாவட்டக் கோர்ட் கொடுத்த விவாகரத்தை ஹைகோர்ட் உறுதிசெய்ய வேண்டியிருந்தது. 2001 திருத்தம் வரை இதுதான் நடைமுறை. எனவே அந்த வழக்குகளைச் சென்னையிலும் தேடலாம்.

பேரன் பேத்தி வழக்கின் தரப்பினர் அல்ல. வெறும் நகல் மனு போதாது; எதற்காகக் கேட்கிறோம் என்று அஃபிடவிட்டோடு மனுப் போட்டு கோர்ட் உத்தரவு பெற வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, நடுத் தலைமுறையின் பிறப்புச் சான்று என்று சங்கிலி அறாமல் வைக்க வேண்டும். பெயரில் லட்சுமி, லெட்சுமி என்று ஓர் எழுத்து மாறினாலும் அதை அஃபிடவிட்டிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தீர்ப்பாணை (டிக்ரி) மட்டும் கேட்டால் பெயரும் விலாசமும் உத்தரவும்தான் வரும். கல்யாணம் எங்கே, என்றைக்கு, எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் தீர்ப்புரையில் (ஜட்ஜ்மெண்ட்) இருக்கும், இரண்டையும் கேளுங்கள். சாட்சியமும் கடிதங்களும் காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டிருக்கலாம். வழக்குக் கட்டே இல்லை என்றால் வழக்குப் பதிவேட்டில் உள்ள பதிவின் நகலுக்கு மனுப் போடுங்கள்.

மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை, அப்போது போக வேண்டாம். வந்த முதல் இரண்டு நாளிலேயே வக்காலத்திலும் அஃபிடவிட்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டால், நகல் தயாராகும்வரை ஊரில் காத்திருக்க வேண்டியதில்லை. வக்கீலே வாங்கி அனுப்பிவிடுவார்.