டிரைவர் வழுவை எந்தப் பதிப்பில் சோதித்துச் சொல்வது? மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

மண்டபத்திலோ கீழக்கரையிலோ தொண்டியிலோ லினக்ஸ் பயன்படுத்தும் ஒருவருக்கு வைஃபை நினைத்த நேரத்தில் அறுந்துபோகிறது, அல்லது காணொளி ஓடும்போது திரை உறைந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வன்பொருளை இயக்கும் நிரலான டிரைவர் திறமூலமாக இருந்தால், அதை எழுதியவர்களிடமே இந்த வழுவை (பிழையை) சொல்லலாம். எந்தப் பதிப்பில் சோதித்துவிட்டுச் சொல்வது என்பதற்குத்தான் மூன்று வழிகள் உள்ளன: விநியோகம் (டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வடிவம்) தந்த கெர்னலிலேயே, அதாவது லினக்ஸின் மையக்கருவிலேயே, பார்ப்பது, பிறர் தொகுத்து வைத்திருக்கும் மேம்பாட்டுப் பதிப்பை நிறுவிப் பார்ப்பது, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான ஜிட் வழியாக மூலநிரலை எடுத்து நாமே தொகுப்பது (இயங்கும் வடிவமாக மாற்றுவது).

எந்த வழியில் போனாலும், இந்தக் கரையில் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இராமநாதபுரக் கடற்கரையின் உப்புக்காற்று மடிக்கணினிக்குள்ளும் புகுந்து வைஃபை அட்டையின் ஆன்டெனா இணைப்பையும் நினைவகத்தின் தொடுமுனைகளையும் அரிக்கக்கூடியது. முன்பு சிக்கலின்றி ஓடிய பழைய கெர்னலில் இன்றும் கணினி ஒழுங்காக ஓடி, புதியதில் மட்டும் கோளாறு வந்தால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். பழையதிலும் அதே கோளாறு வருமானால் முதலில் இணைப்புகளைக் கழற்றித் துடைத்துப் பார்ப்பதே முறை.

முதல் வழி எளிது, பயன் குறைவு. டெபியன் 12 வெளிவந்தது 2023 ஜூனில், அதிலுள்ள 6.1 கெர்னலின் அடிப்படையோ 2022 டிசம்பரைச் சேர்ந்தது. விநியோகங்கள் தம் சொந்த ஒட்டுகளையும் (பேட்ச் எனப்படும் நிரல் மாற்றங்களையும்) சேர்த்திருப்பதால், அந்த அறிக்கையைப் பார்க்கும் பராமரிப்பாளர் கேட்கும் முதல் கேள்வி, ‘இன்றைய நிரலிலும் இது நிகழ்கிறதா?’ என்பதாகவே இருக்கும். மேம்பாட்டு நிரலில் வழு ஏற்கெனவே தீர்ந்துவிட்டது என்று தெரிந்தபின், அந்தத் திருத்தத்தைப் பழைய பதிப்புக்கும் கொண்டுவரும்படி விநியோகத்தைக் கேட்பதற்கு இவ்வழி பொருத்தமானது.

இரண்டாவது வழியையே நான் பெரும்பாலானோருக்குப் பரிந்துரைப்பேன். உபுண்டுக்கு மெயின்லைன் கெர்னலின், அதாவது கெர்னலின் முதன்மைக் கிளையின், ஆயத்தத் தொகுப்புகள் கிடைக்கின்றன. ஃபெடோராவின் ராஹைட் கிளையும் மெயின்லைனை நெருக்கமாகப் பின்தொடர்கிறது. பழைய கெர்னலை நீக்காமல் பக்கத்திலேயே புதியதை நிறுவி, கணினி தொடங்கும்போது தேர்ந்துகொள்ளலாம். இரண்டு இடர்கள் உண்டு. உபுண்டுவின் இத்தொகுப்புகள் கையொப்பமிடப்படாதவை என்பதால் செக்யூர் பூட்டை (கையொப்பமுள்ள கெர்னலை மட்டும் தொடங்கவிடும் காப்பை) அணைக்க வேண்டியிருக்கும். கெர்னலுக்கு வெளியிலிருந்து நிறுவிய மாட்யூல்கள் (கெர்னலில் தனியே ஏற்றப்படும் பகுதிகள்), குறிப்பாகச் சில யுஎஸ்பி வைஃபை டிரைவர்கள், புதிய கெர்னலில் தொகுபடாமல் போகலாம். தொகுபட்டாலும் அவை கெர்னலைக் ‘கறைபட்டது’ என்று குறித்துவிடும், அந்நிலையில் அனுப்பும் அறிக்கையைப் பலர் ஏற்பதில்லை.

மூன்றாவது வழி உழைப்பு மிகுந்தது. ஆனால் எந்த மாற்றம் வழுவைக் கொண்டுவந்தது என்று கண்டுபிடிக்க, அதாவது பைசெக்ட் செய்ய, அதைவிட்டால் நடைமுறையில் வேறு வழியில்லை. ஒரு கெர்னல் வெளியீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன; ஒவ்வொரு முறையும் பாதியை ஒதுக்கிக்கொண்டே போனால் ஏறத்தாழ 14 படிகளில் குற்றவாளி அகப்பட்டுவிடும். ஒவ்வொரு படியிலும் தொகுக்க வேண்டும் என்பதால், இயங்கிக்கொண்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் லோக்கல்மாட்கான்ஃபிக் முறையைக் கையாள்வது நல்லது. வைஃபை டாங்கிள் போன்றவற்றை முன்பே செருகியிருக்க வேண்டும், இல்லையெனில் சோதிக்க வேண்டிய டிரைவரே விடுபட்டுப்போகும். மின்வெட்டு வந்தாலும், மீண்டும் தொகுக்கத் தொடங்கினால் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பல ஜிபி அளவுள்ள முழு வரலாற்றை ஜிட்டில் இறக்கும்போது இணைப்பு அறுந்தாலோ மீண்டும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். மொபைல் டேட்டாவை நம்பியிருப்பவர்கள் கெர்னல்.ஆர்க் தளம் தரும் பண்டில் கோப்பை (களஞ்சியம் ஒரே கோப்பாக), நிறுத்தித் தொடரக்கூடிய பதிவிறக்கியில் இறக்கி, அதிலிருந்து களஞ்சியத்தை உருவாக்கிக்கொள்ளலாம். வரலாறு இல்லாத மேலோட்டமான நகல் சிறியதுதான். பைசெக்டுக்கு அது உதவாது.

திரை வரைகலைக்கான ஓபன்ஜிஎல், வல்கன் டிரைவர்களின் திறமூலத் தொகுதியான மேசாவில் கணக்கு மாறுகிறது. இந்த டிரைவர்கள் கெர்னலுக்கு வெளியே, சாதாரண நிரல்கள் ஓடும் பயனர் வெளியில் இயங்குபவை. ஆகவே மேசாவின் முதன்மைக் கிளையைத் தொகுத்து, வீட்டுக் கோப்புறைக்குள்ளேயே நிறுவி, சூழல் மாறிகளை அமைத்து ஒரு நிரலை மட்டும் அதில் ஓட்டிப் பார்க்கலாம். அமைப்பின் மேசாவைத் தொடவே வேண்டாம், கணினியை மறுதொடக்கம் செய்யவும் வேண்டாம். இங்கே மூன்றாவது வழி இரண்டாவதைவிடப் பாதுகாப்பானது என்றே சொல்வேன், ஏனென்றால் அமைப்பு முழுவதன் மேசாவையும் மாற்றிவிடும் வெளிக் களஞ்சியத்திலிருந்து பழைய நிலைக்குத் திரும்புவது சற்றுத் தொல்லை.

கெர்னலில் நேரம் பார்ப்பதும் தேவை. ஒவ்வொரு வெளியீட்டுக்குப் பிறகும் சுமார் இரண்டு வாரம் புதிய மாற்றங்கள் குவியும். அப்போதைய நிரல் நிலையற்றது. முதல் ஆர்சி பதிப்பு (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) வரும்வரை பொறுத்து, அதில் சோதித்துவிட்டு, அறிக்கையில் கெர்னல் பதிவு (லாக்) முழுவதையும் எந்தக் கமிட்டில் (ஜிட்டில் பதிந்த எந்த மாற்றம் வரையிலான நிரலில்) சோதித்தோம் என்பதையும் சேர்த்து அனுப்பலாம்.