எர்கான் ஜிபி1 கிரிப்: மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு

மணிக்கட்டு எலும்பு முறிந்து, மாவுக்கட்டு பிரித்து, மறுபடி சைக்கிளில் ஏறப்போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கைப்பிடி கிரிப்பை, அதாவது பிடிக்கும் ரப்பர் உறையை, மாற்றுங்கள். நான் மாற்றியது எர்கான் நிறுவனத்தின் ஜிபி1. எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சரி என்ற பிறகுதான் ஏற வேண்டும், அதில் சமரசமே கிடையாது. எனக்கு முறிந்தது வலது கை ஸ்கேஃபாய்ட், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் எலும்பு. அந்தச் சின்ன எலும்புக்கு ரத்தம் விரல் பக்கமிருந்து முழங்கைப் பக்கம் நோக்கித்தான் போகிறது. நடுவில் உடைந்தால் முழங்கைப் பக்கத் துண்டுக்கு ரத்தம் குறைந்துவிடும், கூடுவதற்கு நாளாகும்.

சாதாரண உருண்டை கிரிப்பில் உடம்பின் பாரம் உள்ளங்கையில் ஒரே கோட்டில் இறங்குகிறது, மணிக்கட்டும் பின்னால் மடிகிறது. கட்டுக்குள் கிடந்து இறுகிப்போன மூட்டுக்கு அந்த மடிப்புதான் வலி. சுண்டுவிரல் பக்கம் உள்ளங்கையின் அடியில் அல்நார் நரம்பு ஓடுகிறது. அது வெகுநேரம் அழுந்தினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும்.

ஜிபி1 கிரிப்பின் வெளிமுனை சிறகு போல அகன்றிருக்கும். உள்ளங்கையின் அடிப்பகுதி முழுதாக அதன்மேல் உட்காருகிறது. எனக்கு வலி குறைந்தது, மரப்பு நின்றது.

ஆனால் கோணம் சரியாக அமைந்தால்தான் இதெல்லாம். கிரிப்பின் போல்ட்டைத் தளர்த்திவிட்டு, வழக்கம்போல் சீட்டில் உட்கார்ந்து கையை வையுங்கள். முன்கையும் புறங்கையும் ஒரே நேர்கோட்டில் வரும்வரை கிரிப்பைத் திருப்பி, போல்ட்டை 5 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை அளவுக்கு முடுக்குங்கள். சிறகு அதிகம் மேலே எழும்பினால் மணிக்கட்டு மடியும்; கீழே சாய்ந்தால் கை வழுக்கும், பிடித்துக்கொள்ளக் கட்டைவிரல் திணறும். சில டிகிரி வித்தியாசம்கூடக் கைக்குத் தெரிகிறது, பொறுமையாகச் செய்யுங்கள். அப்புறம் பிரேக் லீவரையும் விரல்களின் சாய்வுக்கு ஏற்பத் திருப்ப வேண்டும். லீவரில் இருக்கும் சின்னத் திருகைச் சுற்றினால் அது கைப்பிடிக்கு அருகே வரும். பிடியில் பலம் குறைந்திருக்கும் நாட்களில் இது பாதுகாப்பு விஷயம்.

ரப்பர் ஓரளவு மென்மை, அவ்வளவுதான். குண்டும் குழியுமான பாதையின் அதிர்ச்சியை அது விழுங்கிவிடாது. அதற்கு நான் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தேன், குறைந்தபட்ச அளவு பெரும்பாலும் டயரிலேயே அச்சிட்டிருக்கும். காட்டுப்பாதையில் எழுந்து நின்று மிதிப்பவர்களுக்குக் கையை அடிக்கடி இடம் மாற்ற வேண்டியிருக்கும், அவர்களுக்கு இந்த வடிவம் தேவையில்லை. நெடுந்தூரம் போகிறவர்கள் சிறு கொம்பு வைத்த ஜிபி3-ஐப் பார்க்கலாம், பிடியை மாற்றிக்கொள்ள இன்னொரு இடம் கிடைக்கும்.

வாங்கும்போது உள்ளங்கை அளவைக் கவனியுங்கள், எஸ், எல் என்று இரண்டு அளவில் வருகிறது. நேரான ஹேண்டில்பாருக்குத்தான் பொருந்தும், வளைந்த ரேஸ் ஹேண்டில்பாருக்கு ஆகாது. முறுக்கி கியர் மாற்றும் சைக்கிள் என்றால் அதற்கென்று நீளம் குறைந்த வகை இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.