செர்ஜியோ மெண்டஸ் 'டைம்லெஸ்': விருந்து ஜோர், வீட்டுக்காரரைத்தான் காணோம்

சில ஆல்பம் இருக்கு, நல்லாருக்கான்னு யாராவது கேட்டா பட்டுன்னு பதில் வராது, கேக்குறது யாருன்னு பாத்துட்டுத்தான் வாயைத் தொறக்கணும். டைம்லெஸ் எனக்கு அப்படித்தான். போசா நோவா (சம்பாவும் ஜாஸும் கலந்த மென்மையான பிரேசில் இசை) வெறியர் ஒருத்தர் வந்து திட்டுனா நான் இதுக்கு வக்கீலா மாறிடுவேன், ஹிப்-ஹாப் பசங்க வந்து ஆஹா ஓஹோன்னா குறை சொல்ல ஆரம்பிச்சிடுவேன், அதனால ரெண்டு பக்கமும் எனக்கு நல்ல பேர் கிடையாது.

முதல்ல விஷயம் தெரியாதவங்களுக்கு. செர்ஜியோ மெண்டஸ் பிரேசில்காரர், ரியோவுக்கு எதிர்க்கரையில இருக்கிற நிதெராய்ல 1941ல பிறந்தவர், பியானோ. கோபகபானாவுல பெகோ தாஸ் கராஃபாஸ்னு ஒரு சந்து, சின்னச் சின்ன கிளப்பா இருக்கும், பாட்டில் சந்துன்னு அர்த்தம், அங்கதான் ஜாஸ் வாசிச்சு பேர் எடுத்தாரு. 1964ல பிரேசில்ல ராணுவம் ஆட்சியைப் புடிச்சதும் அமெரிக்கா போயிட்டாரு, 1966ல பிரேசில் '66ங்கிற குழுவோட மாஸ் கே நாடா போட்டாரு, அதுக்கப்புறம் உலகம் பூரா அந்தப் பாட்டுதான். அப்பேர்ப்பட்ட மனுஷன் 65 வயசு ஆன மூணாவது நாள், 2006 பிப்ரவரி 14 அன்னைக்கு, பிளாக் ஐட் பீஸ்ங்கிற அமெரிக்க ஹிப்-ஹாப் குழுவோட வில்.ஐ.ஆமை தயாரிப்பாளரா வெச்சு 15 பாட்டோட ஒரு ஹிப்-ஹாப் ஆல்பம் எறக்குறாருன்னா ரசிகர்கள் ரெண்டா உடையாம என்ன பண்ணுவாங்க.

உடைஞ்சாங்க. நல்லாவே உடைஞ்சாங்க.

ஒரு கோஷ்டி, எல்பி ரெக்கார்டு காலத்துலேர்ந்து கேக்குறவங்க, இவங்க சொல்றது ஒண்ணே ஒண்ணு, "இந்த ஆளு பேச்சை நிறுத்துவானா". வில்.ஐ.ஆமைத்தான் சொல்றாங்க. இன்னொரு கோஷ்டி, 2006 உலகக் கோப்பை சமயத்துல எங்க போனாலும் காதுல விழுந்த அந்தப் புது மாஸ் கே நாடா வழியா வந்தவங்க, இவங்களுக்கு செர்ஜியோ மெண்டஸ்னு ஒருத்தர் இருக்காருன்னே இந்த ஆல்பம்தான் சொல்லிக் குடுத்துச்சு, அப்புறம் பின்னாடி போய் 1966 ரெக்கார்டைக் கேட்டு "அட இது இன்னும் நல்லாருக்கே"ன்னு வாயைப் பொளந்தாங்க. நான் ரெண்டாவது கோஷ்டில ஆரம்பிச்சு பத்து வருஷத்துல மெதுவா முதல் கோஷ்டிப் பக்கம் நகர்ந்து இப்போ நடுவுல நிக்கிற கேஸ். மூணாவதா ஒரு கூட்டமும் உண்டு, ராப் மட்டும் கேக்குறவங்க, க்யூ-டிப், பிளாக் தாட்னு ரெண்டு பெரிய ராப்பர்கள் ஒரே ஆல்பத்துல இருக்காங்கன்னு ஆசையா வாங்கிட்டு "என்னப்பா இது காபி கடைல ஓடுற மியூசிக் மாதிரி இருக்கு"ன்னு போயிட்டாங்க. அவங்க சொன்னதுல தப்பும் இல்ல, இந்த சிடியை ஸ்டார்பக்ஸ் காபி கடையோட ஹியர் மியூசிக்கும் கான்கார்டு ரெக்கார்டு கம்பெனியும் சேர்ந்துதான் வெளியிட்டாங்க, நிஜமாவே காபி கவுண்டர் பக்கத்துல அடுக்கி வெச்சு வித்த சரக்குதான் அது.

இப்போ முதல் கோஷ்டி சொல்ற ஒரு விஷயத்துல எனக்கு உடன்பாடே இல்ல, அதை முதல்ல தீர்த்துடுறேன். "சுத்தமான பிரேசில் இசையைக் கெடுத்துட்டாரு"ன்னு ஒரு புலம்பல். அண்ணே, எது சுத்தம்? மாஸ் கே நாடா பிரேசில் பாடகர் ஜோர்ஜி பென் எழுதி 1963ல பாடின பாட்டு. அதை எடுத்து அமெரிக்க பாப் காதுக்கு ஏத்த மாதிரி வழுவழுன்னு ஆக்கி, ஹெர்ப் ஆல்பர்ட்டோட ஏ அண்ட் எம் கம்பெனில போட்டு வித்தவரே இவர்தான். அந்தக் குழுவுல முன்னாடி நின்னு பாடின லானி ஹால் சிகாகோ பொண்ணு. பீட்டில்ஸ் பாட்டை போசா தாளத்துல மாத்திப் போட்டு ஹிட் குடுத்தவர், அமெரிக்க இசையமைப்பாளர் பர்ட் பாக்கராக்கோட பாட்டை ஆஸ்கர் மேடைல வாசிச்சவர், 1983ல முழு அமெரிக்க காதல் பாட்டு ஒண்ணைப் போட்டு அமெரிக்க பில்போர்டு பட்டியல்ல 4வது இடம் வரைக்கும் போனவர். கலக்கறதுதான் இவரோட தொழிலே. அந்தந்தக் காலத்துல எது ஓடுதோ அதோட பிரேசில் தாளத்தைச் சேர்த்து மேசைல வெக்கிறவரு, 2006ல ஹிப்-ஹாப் ஓடுச்சு, வெச்சாரு. அவர் ரசிகனா இருந்துட்டு கலப்படம்னு கத்துறது, சர்பத் கடைல போய் ஏன்யா தண்ணில சக்கரை போட்டன்னு கேக்குற மாதிரி.

அதே மாதிரி இது ஏதோ கம்பெனிக்காரன் கட்டி வெச்ச கல்யாணமும் இல்ல. வில்.ஐ.ஆம் நிஜமான ரசிகன், பழைய பிரேசில் '66 ரெக்கார்டெல்லாம் தேடித் தேடி சேர்த்தவன். 2003ல பிளாக் ஐட் பீஸ் போட்ட எலிஃபங்க் ஆல்பத்துல ஒரு பாட்டுக்கு மெண்டஸை கூப்பிட்டு பியானோ வாசிக்க வெச்சிருக்கான், அந்தப் பழக்கத்துலதான் இது வளர்ந்துச்சு. ஹிப்-ஹாப்புக்கும் பிரேசில் இசைக்கும் அதுக்கு முன்னாடியே கொடுக்கல் வாங்கல் உண்டு, 1995ல ஃபார்சைடுங்கிற ராப் குழுவோட ரன்னின் பாட்டுல ஓடுற அந்த கிட்டார் லூப் லூயிஸ் போன்ஃபாவும் ஸ்டான் கெட்ஸும் சேர்ந்து போட்ட போசா ரெக்கார்டுலேர்ந்து எடுத்தது. ஆக சேர்த்தது தப்பில்ல, சேர்த்த விதத்துலதான் எனக்கு வழக்கு.

எதுல வழக்குன்னு சொல்றேன். மெண்டஸ் எப்பவுமே முன்னாடி நிக்கிற பாடகர் கிடையாது. அவரோட கையெழுத்துன்னா ரெண்டு விஷயம், ஒண்ணு அந்தப் பியானோ, கட்டையைத் தொட்டுட்டு விட்டுடுற மாதிரி வாசிப்பாரு, தாளத்துக்கு ஒரு மயிரிழை முன்னாடி தள்ளி விழும், இன்னொண்ணு ரெண்டு பொண்ணுங்க ஒரே வரியை ஒரே குரல் மாதிரி சேர்ந்து பாடுறது. இந்த ரெண்டும் இருந்தா பீட்டில்ஸ் பாட்டா இருந்தாலும் அது செர்ஜியோ மெண்டஸ் பாட்டுதான். டைம்லெஸ்ல பாதிப் பாட்டுல இந்த ரெண்டையும் டிரம் மெஷினுக்குப் பின்னாடி தேட வேண்டியிருக்கு. பந்தி பரிமாற ஆள் கூட்டிட்டு வந்தா வந்தவங்களே எலைல உக்காந்துட்டாங்க, வீட்டுக்காரர் சமையக்கட்டு வாசல்ல நின்னு சிரிச்சுட்டு இருக்காரு.

முதல் பாட்டே பாருங்க. மாஸ் கே நாடா. ஆரம்பத்துல அந்தப் பழைய பியானோ துண்டு, கேட்டதும் தோள் தானா ஆடும், கூடவே கிரசின்யா லெபொராசியோட குரல், இவங்க மெண்டஸோட மனைவி, பல வருஷமா அவர் குழுவுல பாடுறவங்க. எல்லாம் ஜோரா போயிட்டு இருக்கும்போது பிளாக் ஐட் பீஸ் உள்ள வந்து நாங்க வந்துட்டோம் நாங்க வந்துட்டோம்னு அறிவிப்பு குடுத்துட்டே இருக்காங்க. சரி, பார்ட்டி பாட்டு, அதுக்கு ஓகே, இன்னைக்குப் போட்டாலும் ஒருத்தரும் உக்காந்திருக்க மாட்டாங்க. ஆனா மாஸ் கே நாடான்னா கிட்டத்தட்ட "அட போப்பா"ன்னு அர்த்தம், யாரோ பேசிட்டே இருக்கிறவனைப் பாத்து விலகு, எனக்கு சம்பா ஆடணும்னு சொல்ற பாட்டு அது. அந்தப் பாட்டுல போய் ஒருத்தன் இவ்ளோ பேசுறான்னா சிரிப்பு வருமா வராதா. (1998ல பிரேசில் டீம் ஏர்போர்ட்ல பந்து ஆடுற நைக்கி விளம்பரத்துல வந்ததும் இதே பாட்டுதான், ஆனா அது தம்பா ட்ரியோங்கிற வேற பிரேசில் குழு வாசிச்சது, ரெண்டையும் அடுத்தடுத்து போட்டுக் கேளுங்க, எவ்ளோ காத்தோட்டமா இருக்குன்னு தெரியும்.)

ரெண்டாவது பாட்டு தட் ஹீட் எனக்குப் புடிக்கும். ஹென்றி மான்சினியோட பழைய மெட்டு, மெண்டஸ் குழு ஸ்லோ ஹாட் விண்ட்னு பாடினது, அதுமேல எரிகா பாடு வந்து வேலையே செய்யாத மாதிரி பாடிட்டுப் போறாங்க, சோம்பேறித்தனமான ஒரு மதிய வெயில் மாதிரி. இங்க ஹிப்-ஹாப் தாளம் உறுத்தல, ஏன்னா பாடகிக்கும் அந்த மெட்டுக்கும் ஒரே வேகம்.

மூணாவது பெரிம்பாவ், கன்சொலசாவ். ஒரே டிராக்ல ரெண்டு பாட்டு, ரெண்டும் பிரேசில் கிட்டார்காரர் பேடன் பவல் மெட்டு போட்டு கவிஞர் வினிசியஸ் டி மொராயஸ் எழுதினது. பெரிம்பாவ்ங்கிறது ஒத்தைக் கம்பி வில்லு, கீழ ஒரு சுரைக்குடுக்கை கட்டியிருக்கும், கபொயெராங்கிற பிரேசில் சண்டை ஆட்டம் ஆடுறப்போ வாசிப்பாங்க. இதுல ஸ்டீவி வொண்டர் ஹார்மோனிகா. இந்த ஒரு பாட்டுக்காக ஆல்பத்தை வாங்கலாம்னு சொல்ற ஆள் நான். ராப் கோஷ்டியும் சரி பழைய கோஷ்டியும் சரி, இதை யாரும் திட்டி நான் கேட்டதில்ல. விருந்தாளி யாருன்னு பாருங்க, ஸ்டீவி வொண்டர், அவருக்கு எங்க வாசிக்கணும்னும் தெரியும், எங்க சும்மா இருக்கணும்னும் தெரியும்.

தி ஃபிராக்ல க்யூ-டிப், ஓகே, ஜாலியா போகும். ஜில் ஸ்காட் பாட்டு பரவால்ல. பனனெய்ராவுல மிஸ்டர் வேகாஸ் ஜமைக்கா ஸ்டைல்ல கத்துறது எனக்கு சுத்தமா ஒட்டல, ஜுவாவ் டொனாட்டோவும் ஜில்பெர்ட்டோ ஜில்லும் சேர்ந்து செஞ்ச அவ்ளோ இலகுவான பாட்டு அது, வாழை மரத்துல யாரோ லாரியை மோதிட்டாங்க. சர்ஃப்போர்டு போசா நோவாவோட பெரிய இசையமைப்பாளர் ஜோபிமோடது, வாத்திய இசையா விட்டிருந்தா போதும், அதுலயும் வில்.ஐ.ஆம். ஜான் லெஜண்ட் பாடுற ப்ளீஸ் பேபி டோண்ட் அழகான பாட்டுதான், ஆனா அது ஜான் லெஜண்ட் பாட்டு, அவர் ஆல்பத்துல இருந்திருந்தா ஒருத்தனுக்கும் சந்தேகம் வந்திருக்காது. ஜஸ்டின் டிம்பர்லேக் பாடுற லூஸ் எண்ட்ஸும் அதே கதை.

அப்புறம் 9வது பாட்டு. சம்பா டா பென்சாவ், ஆசீர்வாதத்தோட சம்பா. வினிசியஸ், பேடன் பவல் சேர்ந்து செஞ்சது, மூலப் பாட்டுலயே நடுநடுவுல வினிசியஸ் பாடாம பேசுவாரு, தனக்கு முன்னாடி வந்த சம்பாக்காரங்க பேரைச் சொல்லிச் சொல்லி வணக்கம் வெப்பாரு. அந்தப் பேசுற இடத்துக்கு மார்செலோ டி2வை கூட்டிட்டு வந்திருக்காங்க. இவர் ரியோ ராப்பர், பிளானட் ஹெம்ப் குழுக்காரர், சம்பாவையும் ராப்பையும் சேர்த்து 2003லயே தனியா ஆல்பம் போட்டு கலக்கினவர். போர்ச்சுகீஸ்ல ராப் பண்றப்போ என்ன ஆகுதுன்னா, அந்த மொழியோட இழுவையும் சம்பாவோட தாளமும் ஏற்கனவே ஒண்ணாதான் வளர்ந்ததால, ராப் மேல வந்து உக்காரல, உள்ளேர்ந்தே வருது. மொழி புரியலன்னா கூட காதுக்குத் தெரியும். இதைக் கேட்டதும் எனக்கு மொத்த ஆல்பத்து மேலயும் கோவம் வந்துச்சு, ஏன்னா வழி தெரிஞ்சிருக்கு, கதவும் தொறந்து இருக்கு, ஆனா ஒரே ஒரு தடவைதான் உள்ள போயிருக்காங்க. லாஸ் ஏஞ்சலஸ் போன்புக்கைப் புரட்டுனதுல பாதியாவது ரியோவுல புரட்டியிருக்கலாம்.

கடைசிப் பக்கத்துல ரெண்டு சின்ன அதிசயம் ஒளிஞ்சிருக்கு, பாதிப் பேர் அது வரைக்கும் கேக்க மாட்டாங்க. ஒண்ணு ஃபோ-ஹாப், அதாவது ஃபொர்ரோங்கிற பிரேசில் ஆட்ட இசையும் ஹிப்-ஹாப்பும், கிட்டார் கிங்கா. கிங்கா ரொம்ப வருஷம் பல் டாக்டரா வேலை பாத்துட்டே பாட்டு எழுதினவர், இப்படி ஒரு ஆளு உள்ள இருக்காருன்னு சிடி அட்டையைப் படிக்கலன்னா தெரியாது. இன்னொண்ணு லமென்டோ, மவுகானி கிட்டார் குவார்டெட்டோட. டிரம் மெஷின் தொல்லை பெருசா இல்லாம, பழைய ஜோபிம் மெட்டு, மூச்சு விட எடம் இருக்கு. கடைசிப் பாட்டு யெஸ் யெஸ் யால்ல பிளாக் தாட், சாலி டூனா எல்லாரும் வந்து ராப் பண்ணி முடிக்கிறாங்க, ராப் தரமானதுதான், ஆனா லமென்டோ கேட்டுட்டு இதுக்கு வந்தா கல்யாண மண்டபத்துல நாதஸ்வரம் முடிஞ்ச கையோட ஜெனரேட்டர் போட்ட மாதிரி இருக்கு.

"இளசுங்களைப் புடிக்க பண்ண வியாபாரம்"னு சொல்றவங்களுக்கு, ஆமாங்க, வியாபாரம்தான். பத்து வருஷமா புது ஆல்பம் போடாம இருந்த மனுஷன், இதுக்கப்புறம்தான் மறுபடி சுறுசுறுப்பானாரு, 2008ல என்கான்டோ, 2011ல வந்த ரியோ படத்துப் பாட்டுக்கு ஆஸ்கர் பரிந்துரை, 2020ல கூட ஒரு ஆல்பம். டைம்லெஸ் 2006ல லத்தீன் கிராமியும் வாங்குச்சு. அந்தக் கணக்குல பாத்தா வில்.ஐ.ஆமுக்கு ஒரு பெரிய கும்பிடு போடணும், என்னை மாதிரி எத்தனை பேருக்கு வழி காட்டியிருக்கு. கும்பிடு போட்டுட்டே, தம்பி கொஞ்சம் மைக்கைக் கீழ வெக்கிறியான்னும் கேக்கணும்.

ஸ்டார் கேட்டா அஞ்சுக்கு மூணு. பெரிம்பாவுக்கும் சம்பா டா பென்சாவுக்கும் மட்டும்னா அஞ்சுக்கு அஞ்சு. புதுசா கேக்குறவங்க இதுலேர்ந்தே ஆரம்பிங்க, தயங்காதீங்க, ஆனா இதோட நிக்காதீங்க, 1966 ஆல்பத்துக்குப் போங்க. ஏற்கனவே அந்த ஆல்பம் மனப்பாடமா இருக்கிறவங்க 3, 9, 12, 13 மட்டும் போட்டுக் கேட்டுட்டு மிச்சத்தை பேரப்பிள்ளைங்களுக்கு விட்டுடுங்க. 2024 செப்டம்பர்ல அவர் போன செய்தி வந்த அன்னைக்கு எல்லாரும் மாஸ் கே நாடாவை ஷேர் பண்ணிட்டு இருந்தாங்க, நான் லமென்டோவை மூணு தடவை திரும்பத் திரும்ப ஓட விட்டேன், ஆல்பம் ஓடி யெஸ் யெஸ் யால் வரைக்கும் போயிடக் கூடாதேன்னு விரலை பட்டன் மேலயே வெச்சுட்டு.