வங்கிக் கட்டணத்தை மீட்டுத் தருகிறோம் என்று சொல்லி 395 பவுண் வாங்கும் முகவர்களிடம் கவனம்

வங்கி அநியாயமாக வெட்டிய கட்டணங்களைச் சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு மீட்டுத் தருவதாகச் சொல்லி என்னிடம் 395 பவுண் முற்பணம் வாங்கிய ஒரு முகவர் நிறுவனம், ஒரு வழக்கும் போடாமல், 2009இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சாட்டி, "உங்கள் கோப்பு மூடப்பட்டுவிட்டது" என்று ஒரு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறது. லண்டனில் நம்மவர்கள் நெருக்கமாக வாழும் ஒரு பகுதியில், கடைத்தெருவில், ஒரு மேல்மாடியில் அலுவலகம் வைத்து, தமிழ் பேசும் ஊழியர்களை அமர்த்தி, தமிழ்ச் சனத்தையே குறிவைத்து நடத்தப்படும் இடம் அது. பெயரை எழுதாமல் விடுகிறேன். நான் எடுக்கவிருக்கும் நடவடிக்கைக்கு அது இடைஞ்சலாகலாம். ஆனால் இதே வகையான இடங்கள் இன்னும் இருக்கின்றன என்பதால், நடந்ததை ஆறப்போடாமல் எழுதுகிறேன்.

நான் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்பவன். சம்பளம் ஓரிரு நாள் பிந்தினால் போதும், கார் காப்புறுதிக்கான 14 பவுண் தவணை கணக்கில் காசில்லை என்று திரும்பிவிடும். அதற்கு வங்கி 38 பவுண் கட்டணம் எழுதும். அந்த 38 பவுணே அடுத்த மாதம் கணக்கை மேலதிகப்பற்றுக்குள் (overdraft) தள்ளும். அதற்கு வேறொரு கட்டணம் வரும். 2002ஆம் ஆண்டிலிருந்து இப்படிச் சேர்ந்த தொகை 1,846 பவுண். 14 பவுண் தவணை ஒன்றைத் திருப்பி அனுப்ப ஒரு கணினிக்கு 38 பவுண் செலவாகாது என்பது எனக்கும் தெரியும், வங்கிக்கும் தெரியும்.

இந்தக் கோபம் எனக்கு மட்டும் உரியதன்று. கடனட்டைத் தண்டக் கட்டணம் 12 பவுணுக்கு மேல் இருந்தால் அதை நியாயமற்றதாகவே கருதுவோம் என்று நுகர்வோர் நலனை அப்போது கவனித்த அரச அமைப்பான நியாய வர்த்தக அலுவலகம் (OFT) 2006 ஏப்ரலில் அறிவித்த பிறகு, சாதாரண வங்கிக் கணக்குக் கட்டணங்களையும் கேட்டு மக்கள் திரள்திரளாக வழக்குப் போடத் தொடங்கினார்கள். அப்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 5,000 பவுண் வரையான கோரிக்கைகளைச் சட்டத்தரணி இல்லாமலே சிறு கோரிக்கைப் பிரிவில் நடத்த முடிந்தது. ஆறு ஆண்டுகள் பின்னோக்கிக் கேட்கலாம். நுகர்வோர் ஒப்பந்தங்களில் நியாயமற்ற நிபந்தனைகள் பற்றிய 1999ஆம் ஆண்டு விதிகள் ஆதாரமாக இருந்தன. பெரும்பாலான வழக்குகளில் விசாரணை நாளுக்கு முன்பே வங்கி காசைக் கொடுத்து முடித்துக்கொண்டது. என்னோடு வேலை செய்த ஒருவருக்கும் அப்படி வந்தது. முகவர்களின் வியாபாரம் முழுவதும் இந்த நினைவின் மேல்தான் நடந்தது.

நான் அந்த மேல்மாடிக்குப் போனது 2008 மே மாதத்தில். கையில் வங்கிக் கூற்றுகள் ஒரு பை நிறைய இருந்தன. எதிரே இருந்த இளைஞர் முதலில் கேட்டது என் ஊரைத்தான். ஊரைச் சொன்னதும் தன் தாயாரின் ஊர் அதற்குப் பக்கம் என்றார், தேநீர் வரவழைத்தார், கூற்றுகளை ஒவ்வொன்றாக விரித்து மஞ்சள் பேனையால் கட்டண வரிகளுக்குக் கோடிட்டார். அவசரப்படவே இல்லை. ஆண்டுக்கு 8 வீதம் நீதிமன்ற வட்டியையும் சேர்த்துக் கணிப்பானில் தட்டி, 2,400 பவுணுக்குக் கிட்ட வரும் என்று அந்த எண்ணை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஏழு ஆண்டுகளாக வங்கியில் யாரும் என்னோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசியதில்லை. கட்டணம் 395 பவுண் முற்பணம், வென்றால் கால் பங்கு என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று நான் எழும்ப முற்பட்டபோதுதான் மேசை லாச்சியிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து வைத்தார்.

"அண்ணை, போன மாதம் மேல் நீதிமன்றத்தில் வங்கிகள் தோத்துப் போச்சு, பாருங்கோ. இனிக் காசு வந்த மாதிரித்தான். பிந்தினால் ஒவ்வொரு மாதமும் ஆறு வருசக் கணக்கில் ஒரு மாதம் விழுந்துபோகும்."

அந்தத் துண்டு உண்மையானது. 2008 ஏப்ரல் 24 அன்று மேல் நீதிமன்றம் வங்கிகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் அந்தத் தீர்ப்பு சொன்னது, இந்தக் கட்டணங்கள் நியாயமானவையா என்று அந்த 1999 விதிகளின்படி ஆராயலாம் என்பதை மட்டுமே. ஒருவருக்கும் ஒரு பென்னிகூடத் திருப்பிக் கொடுக்கும்படி அது உத்தரவிடவில்லை. அதைவிடப் பெரியது அவர் சொல்லாமல் விட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 2007 ஜூலையில், நியாய வர்த்தக அலுவலகமும் ஏழு வங்கிகளும் ஒரு கட்டடச் சங்கமும் இந்தப் பிரச்சினையை, மற்ற வழக்குகளுக்கும் வழிகாட்டும் ஒரே பரீட்சை வழக்காக (test case) நடத்த ஒத்துக்கொண்டுவிட்டன. அது முடியும்வரை இத்தகைய முறைப்பாடுகளை வங்கிகள் தீர்க்காமல் வைத்திருக்க, வங்கிகளை அப்போது கண்காணித்த நிதிச் சேவைகள் அதிகாரசபை (FSA) விலக்களித்தது. மாவட்ட நீதிமன்றங்களும் வழக்குகளை அப்படியே நிறுத்தி வைத்தன. ஆகவே, என்னிடம் 395 பவுண் வாங்கிய அந்த நாளில் எனக்காக வழக்குப் போட்டிருந்தாலும், அது இறாக்கையில்தான் கிடந்திருக்கும். அதையே தொழிலாகச் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு இது தெரியாது என்று சொன்னால் சின்னப் பிள்ளையும் நம்பாது.

கடனட்டையில் கட்டலாமா என்று கேட்டேன். தங்களிடம் வசதியில்லை, டெபிட் கார்ட் அல்லது காசு என்றார். அதன் காரணம் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. 100 பவுணுக்கு மேற்பட்ட ஒன்றைக் கடனட்டையில் வாங்கி ஏமாந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி அட்டை நிறுவனத்திடமே காசைக் கேட்கலாம். டெபிட் கார்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒப்பந்தப் பிரதியை உடனே தராமல் தபாலில் அனுப்புவதாகச் சொன்னதும் சும்மா அல்ல. கையெழுத்திட்டு 14 நாட்களுக்குள் விலகிக்கொள்ள வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. பிரதி என் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அந்த 14 நாள் கடந்திருந்தது. முற்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்ற வரி, அதன் பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் இருந்தது.

அதன் பிறகு நடந்ததை விரித்து எழுத எனக்கே அலுப்பாக இருக்கிறது. தொலைபேசியில் கேட்டால் கோப்பு சட்டப் பிரிவில் இருக்கிறது என்பார்கள். சட்டப் பிரிவோடு பேச வேண்டும் என்றால் அவர்கள் வேறு கட்டடத்தில் இருப்பதாகச் சொல்வார்கள். வங்கிதான் தாமதிக்கிறது என்பார்கள். 2009 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் வங்கிகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோது, நான் கேட்காமலே அழைத்து, "இரண்டாம் முறையும் வெண்டிட்டம்" என்று வாழ்த்துச் சொன்னார்கள். யார் வென்றது, என் வழக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டதும் இணைப்பு அறுந்துவிட்டது. நேரில் போனால், தேநீர் தந்த இளைஞர் இப்போது அங்கே வேலை செய்வதில்லை என்றார்கள். அவருடைய இடத்தில் இருந்த பெண்ணுக்கு என் பெயரைக் கணினியில் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. வழக்கு இலக்கத்தைத் தாருங்கள், நான் நீதிமன்றத்திலேயே விசாரித்துக்கொள்கிறேன் என்றபோது, அது அந்தரங்கத் தகவல், தர முடியாது என்றார். என் பெயரில் உள்ள வழக்கின் இலக்கம் எனக்கே அந்தரங்கமாம்.

2009 நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம் வங்கிகளின் பக்கம் தீர்ப்பளித்தது. இந்தக் கட்டணங்கள் வங்கி தரும் சேவைத் தொகுதி முழுமைக்குமான விலையின் ஒரு பகுதி என்றும், ஆகவே கொடுக்கும் சேவைக்கு அந்த விலை பொருந்துகிறதா என்று 1999 விதிகளின்படி நியாய வர்த்தக அலுவலகம் ஆராய முடியாது என்றும் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். 2006ஆம் ஆண்டில் மட்டும் வங்கிகள் இந்த வகையில் 260 கோடி பவுண் வருமானம் பெற்றதாக அதே அலுவலகத்தின் ஆய்வு சொல்லியிருந்தும் முடிவு இதுதான். தீர்ப்பின் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் என் 395 பவுணை நீதிபதிகள் எடுக்கவில்லை.

அந்தத் தீர்ப்பைத்தான் முகவர்கள் போர்வையாக இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். "உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் காரணமாக உங்கள் கோரிக்கையைத் தொடர முடியாது, செய்த வேலைக்கு முற்பணம் கழிக்கப்பட்டுவிட்டது" என்பது கடிதத்தின் சாரம். செய்த வேலை எது என்று எழுத்தில் கேட்டேன். ஒரேயொரு தாளின் நிழற்பிரதி வந்தது. என் வங்கிக்கு அவர்கள் அனுப்பியதாகச் சொல்லும் கடிதம் அது. திகதி இல்லை. கணக்கிலக்கம் இல்லை. கேட்கும் தொகையை எழுதவேண்டிய இடத்தில், சதுர அடைப்புக்குள், "தொகையை இங்கே இடுக" என்ற மாதிரிப் படிவத்துச் சொற்கள் அப்படியே கிடந்தன. மஞ்சள் பேனையால் கோடிட்டுக் கூட்டிய 1,846 பவுணில் ஒரு பவுண்கூட அந்தத் தாளில் இல்லை. இதற்குத்தான் 395 பவுண்.

சிற்றிசன்ஸ் அட்வைஸ் பீரோவில் காசு வாங்காமல் ஆலோசனை சொன்ன அம்மா ஒருவர் எனக்குச் சொன்ன விடயம்தான் வயிற்றை இன்னும் எரிக்கிறது. உண்மையான பணநெருக்கடியில் இருப்பவர்களின் முறைப்பாடுகளை, பரீட்சை வழக்கு முடியும்வரை வங்கிகளுக்குக் கிடைத்த அந்த விலக்கைக் காட்டி ஒதுக்கி வைக்க முடியாதாம். வாடகை பிந்தி, கவுன்சில் வரி பிந்தி, ஒரு கட்டணத்தைக் கட்ட இன்னொரு கட்டணம் ஏறிக்கொண்டிருந்த என் நிலையை விளக்கி ஒரு பக்கக் கடிதம் எழுதியிருந்தால், வங்கியோ, வங்கிகள் மேலான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதிக் குறைகேள் அதிகாரியோ (Financial Ombudsman) அப்போதே அதைப் பார்த்திருக்கக்கூடும். அந்த ஒரு பக்கத்தை எழுதுவதுதான் முகவரின் வேலை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன். இரவு வேலைக்கு நேரமாகிறது, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். வங்கியிடம் காசு கேட்க முகவருக்கு முற்பணம் கட்டாதீர்கள். பழைய கூற்றுகள் இல்லையென்றால், தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்களே கேட்டால் வங்கி தர வேண்டும். வழக்குப் போட்டாயிற்று என்று யார் சொன்னாலும் வழக்கு இலக்கத்தைக் கேளுங்கள். இலக்கம் இல்லையென்றால் வழக்கும் இல்லை. கையெழுத்து வைத்த அன்றே பிரதியை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். கட்டத்தான் வேண்டுமென்றால் கடனட்டையில் கட்டுங்கள். இத்தகைய முகவர்கள் உரிய அனுமதியோடுதான் இயங்க வேண்டும். அனுமதி உண்டா என்று பாருங்கள், அனுமதி இருந்தாலும் அதை மட்டும் நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள். இந்தத் தீர்ப்புக்குப் பிறகும் "புதிய சட்ட வழி" ஒன்று இருக்கிறது, 395 பவுண் கட்டினால் போதும் என்று யாராவது அழைத்தால் தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

நிறுவனத்துக்கு எழுத்தில் முறைப்பாடு அனுப்பி, காசைத் திருப்பித் தர 14 நாள் அவகாசம் கொடுத்திருக்கிறேன். தராவிட்டால், அவர்கள் எனக்காகப் போவதாகச் சொன்ன அதே சிறு கோரிக்கை நீதிமன்றத்தில், அவர்கள் மேலேயே 395 பவுணுக்கும் 8 வீத வட்டிக்கும் வழக்குப் போடுவேன். இணையத்தில் அந்தப் படிவத்தைத் திறந்து பார்த்தேன், ஒரு மாலைப் பொழுதில் நிரப்பி முடிக்கலாம். அந்த மேல்மாடியில் காசு கட்டியவர்கள் வேறு யாராவது இருந்தால், பற்றுச்சீட்டையும் ஒப்பந்தப் பிரதியையும் எறிந்துவிடாமல் என்னோடு தொடர்புகொள்ளுங்கள்.