வெள்ளம் வடிந்த கிணற்றுக்கு எந்தப் பரிசோதனை?

களனி கங்கை பெருகினால் கொழும்பை அடுத்த கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் தப்புவதில்லை. 2016 மே மாதமும் அப்படித்தான். மலசலகூடக் குழியையும் கிணற்றையும் ஒரே வெள்ளம் மூடிவிட்டு வடிந்தபின், அந்த நீரில் குடல் நோய்க் கிருமிகள் இருக்கின்றனவா என்பதை அறிய வழிகள் சில உண்டு.

நம்பகமானது ஆய்வுகூடம். 100 மில்லிலீற்றர் நீரை மெல்லிய வடிதாளில் வடித்து, அதில் வளரும், மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை பக்டீரியாக் கூட்டங்களை எண்ணுவார்கள். குடிநீரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஆனால் மாதிரியைக் குளிரில் வைத்து, சில மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வீதியே தண்ணீரில் கிடக்கும்போது அது நடக்கிற காரியமா?

அதனால்தான் ஐதரசன் சல்பைட் போத்தலை நான் முதலில் வைக்கிறேன். 1982இல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை இது. ஊட்டப்பொருளும் இரும்பு உப்பும் தோய்ந்த காகிதத்துண்டுள்ள போத்தலில் நீரை ஊற்றி மூடி வைத்தால் போதும். மலக் கலப்புள்ள நீரில் பெரும்பாலும் காணப்படும் சில பக்டீரியாக்கள் ஐதரசன் சல்பைட் வாயுவை வெளியிடும். அது இரும்போடு சேர்ந்து போத்தலைக் கறுப்பாக்கும். கொழும்பின் வெக்கையே போதும், அடைகாக்கும் பெட்டி தேவையில்லை. ஓர் ஒழுங்கையின் எல்லாக் கிணறுகளையும் ஒரே நாளில் சோதனைக்கு வைத்துவிடலாம். இயல்பாகவே சல்பைட் கலந்த நிலத்தடி நீரும் கறுக்கக்கூடும். அதனால் வீணாக நீரைக் கொதிக்க வைத்தாலும் நட்டமில்லை. எனக்குப் பயம் கறுக்காமல் தெளிவாக நிற்கும் போத்தலில்தான். ஈ.கோலை பெரும்பாலும் இந்த வாயுவை வெளியிடுவதில்லை, ஆகவே அது இருந்தும் போத்தல் கறுக்காமல் இருக்கலாம்.

ஈ.கோலையையே தேடும் நொதிப் பரிசோதனை அந்தக் குறையைத் தீர்க்கிறது. நீர் மஞ்சளானால் ஈ.கோலையும் அடங்கும் கோலிபோம் வகைப் பக்டீரியாக்கள். புறஊதா விளக்கில் நீலமாக ஒளிர்ந்தால் ஈ.கோலை. ஆனால் சுமார் 35 பாகை வெப்பத்தில் ஒரு நாள் வைக்க வேண்டும், செலவும் கூட.

உயிர்க்கலங்களில் உள்ள ஏ.டீ.பி. என்ற பொருளை அளந்து ஒரு நிமிடத்துக்குள் எண்ணைக் காட்டும் கருவியைக் கிணற்றடிக்குக் கொண்டுவர வேண்டாம். உயிர்ப்பொருள் எதுவாயினும் அது காட்டும். நல்ல கிருமியா கெட்டதா என்று சொல்லாது. சமையலறை மேசையின் சுத்தத்தைப் பார்க்க அது பொருந்தும்.

ஆகவே வெள்ளம் வடிந்தவுடன் கறுக்கும் போத்தல். கிணற்றை இறைத்துக் குளோரின் இட்டபின் நொதிப் பரிசோதனை அல்லது ஆய்வுகூடம். குளோரின் வாடை போகுமுன் மாதிரி எடுக்காதீர்கள், முடிவு பொய்யாக நல்லதாகிவிடும். செங்கண்மாரி வைரசை இவற்றில் எதுவும் காட்டாது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீட்டில், முடிவு எப்படி வந்தாலும் கொதித்தாறிய நீரையே பாவியுங்கள்.