நானூக்கா, எஸ்கிமோவா?

வடதுருவப் பனிப்பகுதி மக்களைப் பற்றிய இந்த இரண்டு பழைய படங்களில் ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால், நான் 1933-இல் வந்த 'எஸ்கிமோ' பக்கம். ஃபிளாஹெர்ட்டியின் 'நானூக் ஆஃப் த நார்த்' (1922) ஆவணப்படம் என்று பேர்தான். துப்பாக்கி பழகிய அந்த மக்களை ஈட்டி தூக்க வைத்தார்கள், வெளிச்சத்துக்காகப் பனிவீட்டின் ஒரு பக்கத்தையே விட்டுவிட்டுக் கட்டினார்கள். ஹாலிவுட் நிறுவனமான எம்.ஜி.எம்.முக்காக வான் டைக் இயக்கிய 'எஸ்கிமோ'வோ கதை என்றே சொல்லிக்கொள்கிறது. எடுத்தது அலாஸ்காவில், நாயகன் ரே மாலா அந்த மண்ணின் பிள்ளை. பாத்திரங்கள் அலாஸ்காப் பழங்குடிகளின் இன்யூபியாக் மொழியிலேயே பேச, நடுநடுவே ஆங்கில எழுத்து அட்டைகள். கதையில் நாயகனின் மனைவியைச் சீரழிக்கும் வெள்ளைக்காரக் கப்பல் கேப்டனாக நடித்தவர், மூலக்கதை எழுதிய பீட்டர் ஃப்ராய்ஷனேதான்! படத்தொகுப்புக்கான முதல் ஆஸ்கரும் இதற்கே. சரி, நானூக்கை ஒதுக்க வேண்டாம். அந்த வால்ரஸ் வேட்டைக்காகவே பார்க்கலாம்.